செவ்வாய்க்கிழமைச் செபம்: பஸ், வயல், பிள்ளைகள் நடுவே தினமும் செபிக்கப் பழகுவது

எங்கள் மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, சைவக் குடும்பத்தில் இருந்து வந்தவர். போன வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவுப் பூசையில் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மாதம் போயிருக்கும், எங்கள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டு நின்றவர் திடீரென்று கேட்டார்: “மச்சாள், பூசைக்குப் போறது விளங்குது. வீட்டில தனியச் செபிக்கிறதெண்டா என்ன செய்யிறது? கண்ணை மூடினா அடுப்பில பால் பொங்கிற ஞாபகம்தான் வருது.”

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் எனக்கே நேரான பதில் தெரியவில்லை. பிறந்ததில் இருந்து கத்தோலிக்கம், ஆனால் செபிக்க நான் பழகிய விதம் வேறு. 2009இன் தொடக்கத்தில், போருக்குள் நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியபோது அம்மம்மாவின் செபமாலை எங்கே விழுந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. பங்கருக்குள் இருந்து விரலை மடக்கி மடக்கி எண்ணித்தான் சொன்னார், நாங்கள் பின்பாட்டுப் பாடுவதுபோல மற்றப் பாதியைச் சொன்னோம். பயம் வந்தால் செபிக்க வன்னிச் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில், தலைக்கு மேலே காற்றாடி சுற்ற, பிள்ளை வீட்டுப்பாடம் செய்ய, போன் ஒருபக்கம் மின்ன, என்ன சொல்லி ஆண்டவரைக் கூப்பிடுவது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடாமல் இருக்கிறது.

ஆகவே இது மச்சாளுக்காக எழுதத் தொடங்கியது. நான் சிஸ்டரும் இல்லை, மறைக்கல்வி ஆசிரியரும் இல்லை. மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிற அலுவலக ஊழியர், வீட்டுக்காரர் மேசன், இரண்டு பிள்ளைகள், ஒரு ஏக்கர் வயல். நான் கத்தோலிக்க வழக்கப்படி எழுதுகிறேன். மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைக்காரர் வாசித்தால் செபத்தை ஜெபம் என்றும் திருப்பாடலைச் சங்கீதம் என்றும் மாற்றி வாசியுங்கள், பெரும்பாலும் சரிவரும். செபமாலை வருகிற இடத்தைத் தாண்டிப் போங்கள்.

முதலில் உங்கள் நாளைப் பாருங்கள்

எல்லோரும் விடுகிற பிழையை நானும் விட்டேன். ஒரு ஜனவரி முதலாம் திகதி, விடிய நான்கு மணிக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் செபம், தொடக்கநூலில் இருந்து வருடக் கடைசிக்குள் முழு பைபிளும் என்று முடிவெடுத்தேன். எட்டாவது நாள் பஸ்ஸில் நித்திரையாகி இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் பரந்தன் வரைக்கும் போய்விட்டேன். வாசிப்பும் விடுதலைப் பயணம் 25ஆம் அதிகாரத்தோடு படுத்துவிட்டது. பேழை இரண்டரை முழம் நீளம், ஒன்றரை முழம் அகலம், ஒன்றரை முழம் உயரம் என்று தொடங்கி அளவாகவே போகும். வீட்டில் அந்தப் பகுதியை ரசித்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான், மேசன் அல்லவா, “முழுக்கணக்கும் வடிவாக் குடுத்திருக்கு” என்றார்.

அதனால் நேரம் குறிக்கிறதுக்கு முன்னால், மூன்று நாட்களுக்கு உங்கள் நாளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், அடுப்பு எப்போது மூட்டுகிறீர்கள், பஸ் எத்தனை மணிக்கு, பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிவர எவ்வளவு நேரம் வாசலில் நிற்கிறீர்கள் என்று எல்லாம். கார்மென்ற்ஸ் வேலைக்குப் போகிறவர் என்றால் கம்பனி பஸ் வருகிறதுக்கு முன் இருட்டோடு சந்தியில் நிற்கிற நேரத்தையும் எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டு, கை வேலையாக இருக்கிறது ஆனால் தலை சும்மா இருக்கிறது என்கிற இடங்களைத் தேடுங்கள். கட்டாயம் இரண்டு மூன்று அகப்படும். என்னுடைய நாளில் அகப்பட்டவை: விடிய தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்துத் தண்ணீர் கொதிக்கும்வரை, பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம், இரவு பிள்ளைகள் படுத்தபின் நுளம்பு வலைக்குள் ஐந்து நிமிடம்.

இதில் ஒன்றை மட்டும் முதல் மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. எனக்கு அது கேத்தில். எங்கள் விறகு அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஏழெட்டு நிமிடம் ஆகும், அதற்குள் முடிகிற செபம்தான் என் காலைச் செபம். காற்சட்டைக்குத் துணி இருக்கிற அளவுக்குத்தான் வெட்டலாம் என்று அம்மா சொல்வார், அதே கணக்கு.

காலையில் நேரம் எடுப்பதற்கு மாற்கு 1ஆம் அதிகாரத்தை ஒருக்கா வாசித்துப் பாருங்கள். ஓய்வு நாள் முழுக்கத் தொழுகைக்கூடம், சீமோனுடைய மாமியாரின் காய்ச்சல், பொழுது சாய நகரமே வாசலில் திரண்டு நிற்கிறது, அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு விடியற்காலை இருட்டோடு எழும்பித் தனிமையான இடத்துக்குப் போய் இயேசு செபிக்கிறார். அது 35ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே சீமோனும் கூட இருந்தவர்களும் தேடி வந்துவிடுகிறார்கள், எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று. சின்னவள் நடுச்செபத்தில் “அம்மா, மற்றச் சப்பாத்தைக் காணேல்லை” என்று வரும்போது அந்த 36ஆம் வசனம் ஞாபகம் வரும்.

தேவையான சாமான்

ஒரு பைபிள், ஒரு கொப்பி, ஒரு பேனை. மூன்றும் ஒரே இடத்தில், நீங்கள் தேர்ந்த நேரத்தில் நிற்கிற இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இது சின்ன விசயம்போலத் தெரியும், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் விடுபட்டுப் போகிறார்கள். பைபிள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பூவோடு வடிவாக இருக்கும், எடுக்க ஒரு கதிரை வைத்து ஏறவேண்டும். என்னுடையது மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. அட்டையில் மஞ்சள் கறை இருக்கிறது. இருக்கட்டும்.

எந்த மொழிபெயர்ப்பு என்று மச்சாள் கேட்டார். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் லேசு, வசனம் இன்றைய தமிழில் ஓடும். வேறு சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 19ஆம் நூற்றாண்டுத் தமிழ், அதற்கென்று ஒரு கம்பீரம் உண்டு, திருப்பாடல்களை அதில் சத்தமாக வாசித்தால் காதுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் பவுலின் கடிதங்களை அதில் தொடங்கினால் மூன்றாம் வரியில் தலை சுற்றும். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது கூட இருந்து உதவியவர் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர் என்பதை மச்சாளுக்குச் சொன்னேன். சைவத்தை விட்டு வந்துவிட்டேனே என்ற உறுத்தல் அவருக்குக் கொஞ்சம் இருந்தது, அதைக் கேட்டதும் முகம் மாறியது.

என்ன வாசிப்பது

முதல் மாதத்துக்கு மாற்கு. 16 அதிகாரம்தான், நான்கு நற்செய்திகளில் சின்னது. ஒரு நாளைக்கு அரை அதிகாரம் என்று போனால் மாதம் முடிய முடியும். மாற்குவில் எல்லாம் வேகமாக நடக்கும், பஸ் பிடிக்க ஓடுகிறவனுக்கு ஏற்ற எழுத்து. அது முடிந்தால் பிலிப்பியர், நான்கே அதிகாரம், சிறைக்குள் இருந்து எழுதினது. அதோடு ஒவ்வொரு நாளும் ஒரு திருப்பாடல். மொத்தம் 150 இருக்கிறது, ஐந்து மாதம் போகும். 117 இரண்டே வசனம். 119க்கு 176 வசனம், அதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்கவேண்டாம், எட்டு எட்டாகப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறது, அப்படியே எட்டு எட்டாக எடுங்கள். நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம் என்பதால் திகதிக்கு ஒன்று என்று வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு வாசிக்க அது நல்லது, தனிச்செபத்துக்கு எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, கந்தோர்ச் சுற்றறிக்கை வாசிக்கிற உணர்வு.

கொஞ்சம் பழகியபிறகு அன்றன்றைய பூசை வாசகங்களுக்கு மாறலாம். கத்தோலிக்கக் கலண்டரில் ஒவ்வொரு திகதிக்கும் கீழே குறித்திருக்கும். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்று, கிழமை நாட்களின் முதல் வாசகம் பெரும்பாலும் இரண்டு வருடச் சுற்று. இதில் ஒரு சுகம் இருக்கிறது: நீங்கள் குசினியில் வாசிக்கிற அதே வாசகம்தான் அன்றைக்கு மடு மாதா கோயிலிலும் வாசிக்கிறார்கள், உரோமையிலும் வாசிக்கிறார்கள், பிரான்சில் இருக்கிற அக்கா வேலைக்குப் போகிற ரயிலிலும் அதைத்தான் வாசிக்கிறா. தனியச் செபிக்கிறோம் என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

பனங்கிழங்கு தின்கிறதுபோல

எப்படி வாசிப்பது என்பதுதான் மச்சாளின் உண்மையான கேள்வி. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி, பிரான்சின் மலைமடம் ஒன்றில் இருந்தவர், இதற்கு நான்கு படி வைத்த ஓர் ஏணியைச் சொல்லிவிட்டுப் போனார். வாசிப்பு, சிந்திப்பு, செபம், பிறகு சும்மா இருத்தல். அவரே சாப்பாட்டை வைத்துத்தான் விளக்குகிறார்: வாசிப்பது வாயில் வைப்பது, சிந்திப்பது சப்புவது, செபம் சுவையை எடுப்பது, கடைசிப்படி அந்த இனிப்பே. எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த அவித்த பனங்கிழங்கு போதும். அவசரமாக விழுங்கினால் தும்பு தொண்டையில் சிக்கும். நாரை உரித்து, முறித்து, மிளகும் உப்பும் தொட்டு, ஆறுதலாகச் சப்பவேண்டும்.

செய்கை இப்படி. ஏழெட்டு வசனம் வாய்விட்டு, பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கிற அளவில் வாசியுங்கள். திரும்ப ஒருக்கா மெதுவாக. எந்தச் சொல் கொளுவிக்கொள்கிறதோ அங்கே நில்லுங்கள். போன கிழமை எனக்கு மாற்கு 4இல், புயலுக்குள் படகில் இயேசு தலையணையில் தலைவைத்து நித்திரை கொள்கிற இடத்தில், ‘தலையணை’ என்ற சொல் கொளுவியது. இத்தனை வருடம் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், தலையணையைக் கவனித்ததே இல்லை. அவருக்கும் களைப்புத்தானே என்று நினைத்தேன். பிறகு அதை வைத்தே இரண்டு வசனம் கதைத்தேன்: “ஆண்டவரே, நானும் களைச்சுப்போனன், எனக்கும் ஒரு தலையணை தாரும்.” அவ்வளவுதான் செபம். பிறகு கேத்தில் கூவும்வரை ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொப்பியில் திகதியைப் போட்டு ‘தலையணை’ என்று மட்டும் எழுதினேன். ஒரு வரிக்கு மேல் எழுதவேண்டாம், எழுதத் தொடங்கினால் அது தமிழ்ப்பாடக் கட்டுரை ஆகிவிடும்.

மனம் ஓடும். மச்சாளுக்குப் பால் பொங்குகிறதுபோல எனக்கு அலுவலகத்து லெட்ஜர் வரும். ஓடினால் அடித்துப் பிடித்து இழுக்காதீர்கள். என்ன வந்ததோ அதையே செபமாக்கிவிடலாம். பால் ஞாபகம் வந்தால், “ஆண்டவரே, பாலுக்கு நன்றி, குடிக்கப்போகிற பிள்ளையைப் பாரும்” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புங்கள்.

பஸ்ஸில்

இரண்டாம் மாதம் பஸ்ஸைச் சேர்த்தேன். ஏ9 வீதியில் ஆறே காலுக்கு ஓடுகிற பஸ்ஸில் அமைதி எங்கே இருக்கிறது? சாரதி பாட்டுப் போடுவார், நடத்துநர் “பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ” என்று கத்துவார், சில நாள் முழுத்தூரமும் நின்றுகொண்டுதான். ஒரு கை மேல்கம்பியில். மற்றக் கை சும்மா இருக்கிறது, அதில் ஐந்து விரல். அம்மம்மாவின் பங்கர்ச் செபமாலை எனக்குத் திரும்பி வந்தது இங்கேதான். பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினால் செபமாலையின் பத்து மணியும் வந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. முறிகண்டியில் பஸ் நின்று ஆட்கள் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிற நேரத்துக்குள் எனக்கு ஒரு பத்து முடிந்திருக்கும். எல்லோரும் அவரவர் கணக்கில் அந்த இடத்தில் செபிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

இருக்க இடம் கிடைத்த நாளில் திருப்பாடல் 120இல் இருந்து 134 வரை. இந்தப் பதினைந்தும் எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர் பாடியவை, வழிநடைப் பாட்டுகள். மடுவுக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இது உடனே பிடிபடும். 132ஐத் தவிர மிச்சம் எல்லாம் பத்து வசனத்துக்குள்தான். 121 பயணத்துக்கென்றே எழுதினதுபோல, போகும்போதும் வரும்போதும் காக்கிறவரைப் பற்றி. 126 அறுவடைக்கு, கண்ணீரோடு விதைத்தவர் கெம்பீரத்தோடு அறுப்பதைச் சொல்கிறது. அதை வன்னியில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 131 மூன்றே வசனம், தாயின் மடியில் கிடக்கிற பால்மறந்த பிள்ளை. ஒரு கிழமைக்கு ஒரு பாடல் என்று மனப்பாடம் செய்தால் நாலு மாதத்துக்குள் பதினைந்தும் வாயில் இருக்கும், பிறகு புத்தகமும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

மோட்டார் சைக்கிளிலோ ஆட்டோவிலோ நீங்களே ஓடுகிறவர் என்றால் கண்ணை மூடாமல் சொல்கிற சின்னச் செபங்களை வைத்துக்கொள்ளுங்கள். வீதியில் மாடு படுத்திருக்கும், தெரியும்தானே.

போன்

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். விடிய ஐந்து மணிக்கே வட்ஸ்அப்பில் ரோஜாப்பூவும் வசனமும் வரும். வந்ததை இன்னும் நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டால் செபித்துவிட்ட மாதிரி ஓர் ஆறுதல் வந்துவிடுகிறது, அதுதான் கரைச்சல். அனுப்புகிறவர்களில் என் மாமியும் இருக்கிறார், அவருக்கு நான் கைகூப்பிய படம் அனுப்புவேன், ஆனால் அதை என் செபக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போனில் பைபிள் வைத்திருப்பது நல்லதுதான். ஒருக்கா இறக்கி வைத்தால் டேட்டா தேவையில்லை, இரவுப் பயணத்தில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். திறக்கிறதுக்கு முன் விமானப் பயன்முறையைப் போடுங்கள், இல்லாவிட்டால் மாற்குவின் நடுவில் கடன் கம்பனியின் மெசேஜ் வந்து விழும். முதல் மூன்று மாதத்துக்காவது கடதாசிப் பைபிளில் வாசியுங்கள் என்பது என் புத்தி. நண்பகல் பன்னிரண்டுக்குப் போனை அதிர்வில் ஓர் அலாரம் போட்டு வைக்கலாம். மூவேளைச் செபத்துக்குக் கோயில் மணி அடிப்பது காலை ஆறு, நண்பகல், மாலை ஆறுக்கு. அலுவலகத்தில் மணி கேட்காது, சட்டைப் பைக்குள் போன் துடிக்கும். கதிரையை விட்டு எழும்பாமல் அரை நிமிடம் போதும். அந்த நேரத்தில் முன்னால் ஓர் ஐயா படிவத்தோடு நின்றால் படிவம்தான் முதலில்.

வீட்டுச் செபம்

தனிச்செபம் மூன்று மாதமாவது ஓடியபிறகு இதில் கைவையுங்கள். நேரே ஐம்பது மணி முழுச் செபமாலையும் மன்றாட்டு மாலையும் என்று தொடங்கினால் பிள்ளைகள் நித்திரை, வீட்டுக்காரர் வயல் பக்கம். எங்கள் வீட்டில் மகன் புலமைப்பரிசில் வகுப்பு, இரவு ஏழரைக்குத்தான் வருவான், எட்டுக்குச் சாப்பாடு. சாப்பிடுகிறதுக்கு முன் பத்து நிமிடம்: செபமாலையில் ஒரு பத்து, மகன் நற்செய்தியில் நாலு வசனம் வாசிப்பான், சின்னவள் மெழுகுதிரி ஊதி அணைப்பாள். ஊதுகிறதுக்காகவே அவள் முழுச்செபத்துக்கும் இருக்கிறாள், எனக்குத் தெரியும், பரவாயில்லை.

பிறகு பெயர் சொல்வோம். கிழமைக்கு ஏழு நாள், ஒவ்வொரு நாளைக்கும் நாலைந்து பெயர், கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். திங்கள் வருத்தக்காரர், புதன் வெளிநாட்டில் இருக்கிறவர்கள், வெள்ளி இறந்தவர்கள். மாமாவின் பெயரை எந்த நாளில் போடுவது என்று அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வெள்ளியில் போட அம்மா விடவில்லை. அவருக்குச் செவ்வாயைத் தனியாக ஒதுக்கினோம். செவ்வாய்ப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் சேரவில்லை என்று சண்டை பிடிக்கிற பெண்களைக் கண்டிருக்கிறேன். பிடிக்காதீர்கள். என்னவர் முதல் ஆறு மாதம் திண்ணையில் இருந்து போனைத்தான் நோண்டினார். ஒருநாள் நான் வசனத்தைப் பிழையாக வாசித்தபோது வெளியே இருந்தே திருத்தினார்.

வீட்டுச் செபம் என்ன பெரிய விசயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபிறகு கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், பூசைக்குத் தடை. 1687இல் கோவாவில் இருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ 30 வருடம், வடக்கில் விசுவாசத்தைக் காத்தது கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் சொன்ன செபம்தான். யார் கத்தோலிக்கர் என்று கண்டுபிடிக்கக் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு அவர் வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனாராம். 2015 ஜனவரி 14இல் பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மடுவுக்கும் வந்தார். நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன், பாப்பரசரைக் கண்டதைவிட முன்னால் நின்றவரின் முதுகைத்தான் கூடுதலாகக் கண்டேன்.

இரவு

நுளம்பு வலைக்குள் ஐந்து நிமிடம். இது லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த முறையின் குறுக்கம். அன்றைய நாளை விடியலில் இருந்து திரும்ப ஓட்டிப் பாருங்கள். நன்றி சொல்லவேண்டிய ஒன்றை எடுங்கள், சின்னதாக, பஸ்ஸில் இடம் கிடைத்ததுபோல. மன்னிப்புக் கேட்கவேண்டிய ஒன்றை எடுங்கள், இதைத் தேடவே வேண்டியதில்லை. நாளைக்குப் பயமாக இருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பிறகு படுங்கள். பாதியில் நித்திரை வந்தால் வரட்டும், திருப்பாடல் 127 விடிய எழும்பி இரவு தாமதித்துப் படுத்து மாயுகிறதை வீண் என்றுதான் சொல்கிறது, நித்திரையையும் அவரே தருகிறார்.

வயல் காலமும் வரண்ட காலமும்

நகரத்தில் எழுதுகிற செபப் புத்தகங்களில் இது இருக்காது. எங்கள் வருடம் காலபோகம், சிறுபோகம் என்றுதான் ஓடுகிறது, செபமும் அதோடு மாறும். ஒக்டோபர் செபமாலை மாதம், அதேநேரம் மழையைப் பார்த்து விதைப்பு. நெல் கதிரானால் யானைக் காவல், வீட்டுக்காரர் கொட்டிலில் யானை வெடியோடு இருப்பார், வீட்டுச் செபம் மூன்று பேரோடு நடக்கும். அறுவடைக் கிழமைகளில் கேத்தில் செபத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிடுவேன். தவக்காலம் பெரும்பாலும் அறுவடை முடிகிற கையோடு வரும், அப்போது திரும்பவும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். மடுத் திருவிழா ஓகஸ்ட் 15. மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்குகிற அந்த நாட்களில் செபம் தானாக வரும், திரும்பி வந்து வேலைக்குப் பஸ் ஏறுகிற முதல்நாள்தான் சோதனை.

சில நேரம் ஒன்றும் வராது. சொல்லும் வராது, மனமும் வராது. அப்போது திருப்பாடல் 13ஐ எடுங்கள், ஆறு வசனம், எவ்வளவு காலம் எவ்வளவு காலம் என்று ஆண்டவரிடமே கேட்கிறது. 88ஐ எடுங்கள், அது இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் ஒட்டவில்லை, பைபிளில் அப்படியும் ஒரு செபம் இருக்கிறது. 1 அரசர் 19இல் எலியா மரத்துக்குக் கீழே விழுந்து போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதர் வந்து அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்து எழுப்புகிறார், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார், இரண்டாம் முறையும் அதே சாப்பாடு. களைத்துப்போன பெண்களுக்கு நான் முதலில் காட்டுகிற இடம் இதுதான். களைப்பு மாதக்கணக்கில் விடாமல் நித்திரையும் சாப்பாடும் போய்விட்டால் பங்குச் சுவாமியிடமும் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள், இரண்டையும் செய்யுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். மூன்று நாள், மூன்று கிழமை. அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: விட்ட பக்கங்களைப் பிடிக்க ஓடவேண்டாம், நேற்றைய வாசகத்தை நாளைக்குச் சேர்த்து வாசிக்கவேண்டாம், அது கடன் கட்டுகிற மாதிரி ஆகி ஒரு கட்டத்தில் முழுதாக நின்றுவிடும். கலண்டரில் இன்றைக்கு என்ன திகதியோ அந்த வாசகத்தை எடுங்கள், கேத்திலை வையுங்கள். ஏன் விட்டேன் என்று ஆண்டவருக்கு நீட்டி விளக்கவும் வேண்டாம்.

மச்சாள் போன மாதம் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பதினொரு நாள் எழுதியிருந்தது, பிறகு வெள்ளை. வெட்கப்பட்டார். நான் என்னுடையதை எடுத்துத் திறந்து கொடுத்தேன். அதில் ஜனவரி 19க்கு அடுத்த பக்கம் பெப்ரவரி 27. இடையில் அறுவடை, மகனுக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் ஓடிட். 27ஆம் திகதிக்குக் கீழே, தேத்தண்ணி சிந்திய இடத்தில், ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கிறது: ‘வந்திட்டன்.’